முதுகுக்காரி

முன்னால் போகிறவரின் குதிகால் தரையில் எப்படி விழுகிறது என்று பார்த்தபடியே அவள் பின்னால் நடக்கிறாள். இடது செருப்பு வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. தோளில் தொங்கும் பை அந்தத் தோளைக் கொஞ்சம் கீழே இழுத்து வைத்திருக்கிறது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மட்டும் எழும்பி நிற்கிறது. கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிய ஆள். தெரு திரும்புமிடத்தில், வெயில் சாய்வாக விழும் துண்டில், இவர் நின்று பையை மறு தோளுக்கு மாற்றுவார் என்று அவளுக்குப் படுகிறது. கேமராவைத் தூக்கிக்கொள்கிறாள். அவர் நிற்கிறார், மாற்றுகிறார், படம் விழுகிறது. பிறகு ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, "உங்க முதுகை ஒரு படம் எடுத்துட்டேங்க. வச்சுக்கலாமா?" என்று கேட்கிறாள். அநேகமாக எல்லாருமே முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்க்கிறார்கள், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று.

போட்டோ லேபில் அவளுக்கு முதுகுக்காரி என்று பேர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிடரி, தோள்பட்டை, காது, முழங்கை, செருப்பு, கையிடுக்கில் செருகிய செய்தித்தாள், இவைதாம் அவள் படங்களில் வரும் மனிதர்கள். கறுப்பு வெள்ளையில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கேலரியின் வெள்ளைச் சுவரில் மாட்டும்போது, கூட்டம் அந்த முதுகுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். 'முகத்தின் சர்வாதிகாரத்தை மறுக்கும் கலை' என்று ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதினார். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு லேப்காரரிடம் நீட்டி, "யாரை மறுத்தேனாம் நான்?" என்று கேட்டாள்.

ஆரம்பம் ஒரு சின்ன ஸ்டுடியோவில். சுழலும் முக்காலி, நீலத் திரை, சுவரில் மாட்டிய சீப்பு, கண்ணாடி. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் வேலை. எடுப்பதில் குறையே இல்லை; கொடுப்பதில்தான் தகராறு. ஒருவர் படத்தை உறையில் போட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "ஆளைப் பாத்துக் குடுக்கணும்ல? கண்ணை எங்க வச்சிருக்க? கவனமே பத்தலம்மா உனக்கு." அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். மற்றவர்கள் எல்லாரும் கவனமானவர்கள், தான் மட்டும் மந்தம். அதற்காக ஒரு வழி கண்டுபிடித்தாள். முகத்தை எடுக்கும் முன், அந்த ஆளின் செருப்பையோ கையையோ காலரையோ தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வாள். வாங்க வரும்போது செருப்பைப் பார்த்து உறையைக் கொடுத்துவிடலாம். செருப்பு மாற்றி வந்தால் தொலைந்தது.

வேலை போனது ஒரு கல்யாணத்தில். மணப்பெண் உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகு, விருந்து முடியும்வரை, பெண்ணின் சித்தி மகளையே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணும் தடுக்காமல் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவைவிட்டு வரும்போது, யாருக்கும் வேண்டாத அந்தச் செருப்பு, காலர் படங்களை ஒரு செருப்புப் பெட்டியிலேயே போட்டு எடுத்து வந்தாள். ஊரில் இருட்டறை வாடகைக்கு விடும் லேப்காரர்தான் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாமா ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டு, கேலரி நடத்தும் அம்மாளிடம் கூட்டிப் போனார்.

பேட்டிக்கு வருகிறவர்கள், யாரைப் பார்த்து இந்தப் பாணி வந்தது என்று தவறாமல் கேட்பார்கள். அவளும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வாள். "எங்க அக்கா முதுகைப் பாத்துதான்." பள்ளிக்கூடம் போகும்போது அக்கா முன்னால் நடப்பாள், இவள் பின்னால். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல். கூட்டம் சேர்ந்தால் அதன் நுனியை இவள் பிடித்துக்கொள்வாள். உலகத்தில் முதலில் மனப்பாடமான காட்சி அதுதான்.

இருட்டறையில் அவள் ஒரு பிடரியை நாள் முழுக்க அச்சிடுவாள். கொஞ்சம் கறுப்பாக, கொஞ்சம் வெளுப்பாக, மறுபடி கறுப்பாக. லேப்காரர் கதவைத் தட்டி, "இன்னுமா முடியல?" என்றால், "ஆளு இன்னும் திரும்ப மாட்டேங்குறான்" என்பாள். தாளில் இருப்பவர் அடுத்த நொடி திரும்பிப் பார்க்கப்போகிறார் என்று தோன்ற வேண்டும். தோன்றிவிட்டால் படம் முடிந்தது.

தெருவில் எதிரே வரும் எல்லாரையும் பார்த்து அவள் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து வைப்பாள். தெரிந்தவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. அதனால் தெரியாதவர்கள் அவளைத் தங்கமான பெண் என்றார்கள். நின்று பேசாமல் போனதால் தெரிந்தவர்கள் தலைக்கனம் பிடித்தவள் என்றார்கள். சினிமாவுக்குப் போனால் பாதியில், "மீசையும் சட்டையும் ஒண்ணா இருந்தா எவன் அண்ணன், எவன் தம்பின்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடவே சிரித்துவிடுவாள்.

இந்த முறை கண்காட்சிக்குக் கேலரி அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு முகமாவது வைங்க. எல்லாரும் முதுகைக் காட்டிட்டு நின்னா எப்படி?" பழைய நெகட்டிவ்களைத் தோண்டியபோது ஒன்று அகப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது. மழை விட்ட காலை, அவள் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தம். மூக்குக் கண்ணாடி போட்ட, முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, நேரே கேமராவைப் பார்க்கிறாள். உதட்டில் ஒரு சிரிப்பு தொடங்கி, இன்னும் முழுசாக வரவில்லை. குடைப்பிடியை இறுக்கிய விரல்களுக்காகத்தான் முதுகுக்காரி அதைத் தேர்ந்தெடுத்தாள். கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரில் தெரிகிற சுவர் முழுக்க அந்தப் படம். அழைப்பிதழிலும் அதுதான். செய்தித்தாளிலும் அதுவே வந்தது.

நடுப்பகலில் கூடம் காலியாக இருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். சாம்பல் நிறச் சட்டை, பயணம் செய்து கசங்கிய கால்சட்டை, இரண்டு கையும் விறைப்பாகத் தொங்கின. படத்துக்கு முன்னால் போய் நின்றார். முதுகுக்காரி அருகில் போய்த் தன் பொதுச் சிரிப்பைச் சிரித்து, "வாங்க, நிதானமா பாருங்க" என்றாள்.

"போட்டோ எடுத்தது போதாதுன்னு, அதை இவ்வளவு பெருசாக்கிச் சுவத்துல வேற மாட்டி வச்சிருக்கியா?"

காலித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். அக்காவின் கணவர்.

"அத்தான்! நீங்களா? எப்ப வந்தீங்க? அக்கா வரலியா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "என்ன கேக்குற நீ?"

"அக்கா என் போனையே எடுக்கறதில்ல அத்தான். என்ன கோபம்னும் தெரியல. நீங்க எந்தப் படத்தைச் சொல்றீங்க?"

"உங்க அக்கா படத்தை."

"எங்க அக்கா படமா? எங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "பெரிய வியாதி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தா உங்க அக்கா. மருந்துல முடியெல்லாம் கொட்டிடுச்சு. அவளுக்குச் சொல்லாதீங்க, பயந்துடுவான்னு எங்க வாயை அடச்சு வச்சா. எல்லாம் சரியாகி, முடி கொஞ்சம் மொளச்சதும், நேர்ல போய்ச் சொல்றேன்னு தனியா ரயிலேறி வந்தா. அன்னிக்கு ராத்திரிக்குள்ளயே திரும்பி வந்துட்டா. என்னாச்சுன்னு கேட்டா, 'அவ என்னைப் போட்டோ எடுத்தா. ரொம்ப நன்றிங்கன்னு சொன்னா. பஸ் ஏறிப் போயிட்டா'ன்னா. அதோட உன் பேச்சையே எடுக்கல."

முதுகுக்காரி சுவரைப் பார்த்தாள். குடைப்பிடி தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. ஈரத் தரையின் பளபளப்பு, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, பாதிச் சிரிப்பு, எல்லாம் தெரிந்தன. அக்காவைக் காணவில்லை. பெரிய வீட்டில் பிள்ளையைத் தேடுகிறவள்போல நெற்றியில் தேடினாள், கன்னத்தில் தேடினாள். எங்கேயும் இல்லை. "அத்தான், சத்தியமா எனக்கு..." என்று திரும்பினால், அத்தான் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். முகத்தில் பிடிபடாத அத்தான் அந்த நடையில் சட்டென்று பிடிபட்டார்.

கேலரி அம்மாள் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "உங்க அக்காவா? அதானே. மாட்டும்போதே நெனச்சேன், உங்க சொந்தக்காரங்கன்னு. அப்படியே உங்க மூக்கு, உங்க தாடை."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்க ஆளை உங்களுக்கே நான் வேற சொல்லணுமா என்ன?"

அவள் கழிவறைக்குப் போய் விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தாள். அதை மனதில் இருத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். படத்தின் முன்னால் வந்து நிற்பதற்குள் மூக்கு நழுவிவிட்டது. திரும்ப ஓடினாள். மறுபடி நழுவியது. கடைசியில் அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் போய்க் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூக்கை மட்டும் பார்த்தால் அதே மூக்கு. தாடையை மட்டும் பார்த்தால் அதே தாடை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயன்றால், இரண்டு அந்நியப் பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

கேலரி அம்மாள் கூட்டிப்போன நரம்பு மருத்துவர் பென்சிலைக் கடிக்கும் பழக்கமுள்ள ஒரு பெண்மணி. கணினித் திரையில் முடி, காது, கழுத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வெறும் முகங்களாக வரிசையாகக் காட்டினார். அரசியல் தலைவர் யார், நடிகை யார் என்று எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"இவங்க யாரு?"

"தெரியல டாக்டர். பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க."

மருத்துவர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "இது நீங்க. நேத்து வரவேற்புல உங்களை எடுத்த படம்."

கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை, மூளையில் முகத்தை முகமாக எடுத்து வைத்துக்கொள்ளும் இடம் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை, மருந்து கிடையாது என்று அவர் விளக்கினார். முதுகுக்காரியின் காதில் அதெல்லாம் பாதிதான் விழுந்தது. அவளை உலுக்கியது வேறு.

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம்... முகத்தைப் பாத்தாலே போதுமா? நடையைப் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"செருப்பு?"

"வேண்டாம்மா. முகம் போதும்."

இத்தனை காலமும் எல்லாரும் தன்னைப்போலத்தான் காலரையும் காதையும் கூட்டிக் கழித்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள், தன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக என்று நினைத்திருந்தாள். ஊரே ஒரு கதவு வழியாகச் சாதாரணமாக உள்ளே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கதவு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே லேபுக்குப் போனாள். தன் பெட்டிகளையெல்லாம் இறக்கி மேஜைமேல் கொட்டி, லேப்காரரைக் கூப்பிட்டாள். "இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க." எத்தனை பேரைக் கடந்து போயிருக்கிறோம் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றைக் கையில் எடுத்தார். பூங்கா பெஞ்சில் ஒரு வயதானவர், பக்கவாட்டு முகம், தொப்பி, மடியில் ஆரஞ்சுத் தோல்.

"இது நான்."

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ வேணும்னேதான் எடுத்தேன்னு நெனச்சேன். வீட்டுல சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டேன்மா. என்னைக்கூட ஒரு பொருட்டா எடுத்திருக்கான்னு." சொல்லிவிட்டு மெதுவாகச் சிரித்தார். "தொப்பி போட்டிருந்தேன்ல. அதான்."

மறுநாளே அக்கா வீட்டுக்கு ரயிலேறினாள். கதவைத் திறந்தது மூக்குக் கண்ணாடி போட்ட, கிராப்பு வெட்டிய ஒரு பெண். முதுகுக்காரி வாசலிலேயே நின்றாள். அந்தப் பெண்ணும் ஒன்றும் பேசாமல் நின்றாள். இது அக்காவா, இல்லை பக்கத்து வீட்டுக்காரியா? தப்பாகச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

"நீ அக்காவான்னு எனக்குத் தெரியல. ஏதாவது பேசு."

"உள்ள வா" என்றது அக்காவின் குரல்.

சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதுகுக்காரி டாக்டர் சொன்னது, மூக்கு நழுவியது, பெட்டியைக் கொட்டியது என்று எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொல்லி முடித்தாள். அக்கா தேநீரைத் தொடவில்லை.

"அன்னிக்கு நீ என்கிட்ட, 'ஒரு படம் எடுத்துக்கலாமாங்க'ன்னு கேட்டியே. வாங்க போங்கன்னு. நீ விளையாடுறேன்னு நெனச்சேன். நானும் விளையாட்டா தலையாட்டினேன். பஸ் கிளம்பின பிறகும், நீ அடுத்த நிறுத்தத்துல இறங்கி ஓடி வருவேன்னு அங்கயே நின்னேன்."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே அக்கா. குரலைக் கேட்டிருந்தா..."

"பேசாம நின்னாத்தானே நீ துள்ளிக் குதிக்கிறதைப் பாக்க முடியும்." அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா என்னை நீ பாத்ததே இல்லியா?"

"பாத்திருக்கேன். உன் பின்னலைப் பாத்திருக்கேன். நீ மாடிப்படி ஏறுறப்ப வலது கை சுவத்தைத் தொடுறதைப் பாத்திருக்கேன். கோபம் வந்தா உன் பின்கழுத்து சிவக்குறது வேற யாருக்காவது தெரியுமா?"

"நான் அழுதா தெரியுமா?"

"அழறது தெரியும். யாரு அழறான்னுதான் தெரியாது."

அக்காவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சின்ன வயதில் இவள் வேறொரு பின்னலைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பெண்ணின் வீடுவரை போய், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டும் வந்ததை நினைவுபடுத்தினாள். "அம்மா உனக்குப் பசி, அதான்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது." பிறகு சிரிப்பு அடங்கியது. "காரணம் புரியுதுடி. ஆனா நான் அங்க நின்னது நின்னதுதானே."

"ஆமா."

படத்தைக் கழற்றிவிடட்டுமா என்று முதுகுக்காரி கேட்டாள். "நான் வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா.

கண்காட்சி முடிகிற வாரத்தில் அக்கா வந்தாள். முதுகுக்காரி முன்னதாகவே ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடையில் ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். வண்டி வந்து நின்றதும் எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்து கூட்டம் கொட்டியது. நடையை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நம்பித்தான் வந்திருந்தாள். ஆனால் எல்லாரும் பெட்டி இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். யாருக்கும் சொந்த நடை இல்லை. கிராப்பு வெட்டிய பெண்கள் மட்டுமே எத்தனையோ பேர். ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தாள்; அவள் விலகிப் போனாள். இன்னொருத்தியை நோக்கி அடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். எந்த நொடியில் அக்கா தன்னைக் கடந்து போய்விடுவாளோ என்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அப்போது கூட்டத்தின் நடுவே ஒரு கை தலைக்குமேல் செங்குத்தாக எழுந்தது. பெட்டிகளுக்கும் தோள்களுக்கும் மேலாக அது இவளை நோக்கி வந்தது. "நான்தான்... நான்தான்டி... நான்தான்..." என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே அக்கா வந்தாள். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. அருகில் வந்து, பெட்டியைக் கீழே வைத்து, தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்த பிறகும், தூக்கிய மறு கையை அக்கா இறக்கவில்லை.